கர்ட் கோபேன்

கர்ட் டொனால்ட் கோபேன் (பெப்ரவரி 20, 1967 – ஏப்ரல் 5, 1994) அமெரிக்காவைச் சேர்ந்த ராக் இசைப் பாடகரும் பாடலாசிரியரும் கிதார் இசைக்கலைஞரும் ஆவார். 1987 ஆம் ஆண்டில் கிறிஸ்ட் நோவோசெலிக் என்பவருடன் இணைந்து நிர்வானா என்னும் இசைக்குழுவைத் தொடங்கினார். 1991 இல் வெளியான நெவர்மைண்ட் என்ற இசைத்தொகுப்பு இக்குழுவையும், கிரஞ்ச் எனப்பட்ட சியாட்டில் நகரத்து இசைப்பாணியையும் உலகறியச் செய்தது.

கோபேன் கிதாரை இடக்கைக்காரராக வாசித்தவர். வறுமையில் இசை பயின்ற இவர், பிற்காலத்தில் எந்த விலைக்கும் கருவி வாங்கும் வசதி பெற்றிருந்தார். ஆயினும், இவர் மேடையில் வாசித்தவற்றுள் பல, ஜப்பானில் செய்யப்பட்ட விலை மலிந்த மின் கிதார்களே. அவற்றை வாங்கிய நிலையிலேயே இவர் வாசிப்பதில்லை. உறுப்புகளை மாற்றித் தமக்கேற்பத் திருத்தியமைத்தே வாசித்தார். இவருடைய இசையின் தனித்த ஒலிக்கு இத்திருத்தங்களும் ஒரு காரணமாகும்.

இளமைக்காலம்

கோபேன் வாஷிங்டன் மாநிலத்தில் மரம் அறுக்கும் தொழிலை நம்பி வாழ்ந்த அபர்டீன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை டொனால்ட் வாகனம் பழுதுபார்ப்பவர். தாய் வெண்டி உணவகப் பணிப்பெண். இவருக்கு ஒன்பது வயதானபோது பெற்றோர் மணமுறிவு பெற்றனர். அதன்பின் தந்தை வீடு, தாய் வீடு, உறவினர் வீடு என மாறி மாறி வளர்ந்தார். இப்பிரிவு இவரை ஆழமாகப் பாதித்தது.

தாய்வழி உறவினரிடையே இசை ஈடுபாடு மிகுந்திருந்தது. 1981 இல் பதினான்காம் பிறந்தநாளன்று, மாமன் சக் ஃபிரேடன்பர்க் மிதிவண்டி, கிதார் ஆகிய இரண்டில் ஒன்றைப் பரிசாகத் தருவதாகக் கூற, கோபேன் கிதாரைத் தெரிந்தெடுத்தார். அது ஏற்கனவே ஒருவர் பயன்படுத்திக் கழித்த, ஜப்பானில் செய்யப்பட்ட மலிவான மின் கிதார். அடிக்கடி பழுதாகும் தன்மையது. ஒரு கருவியை வாசிப்பதோடு அதைத் தொடர்ந்து பழுதுபார்த்துக் கொண்டும் இருக்கவேண்டும் என்ற பழக்கம் இவருக்கு அக்கிதாரிலிருந்தே தொடங்கியது எனலாம்.

உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இவர் முடிக்கவில்லை. பின்னர் துப்புரவுப் பணி உள்ளிட்ட சிறு வேலைகளைச் செய்தார். 1980களில், தம் சித்தி மேரியின் சியாட்டில் வீட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் முதல் பாடல்களைப் பதிவு செய்தார். 1987 இல் ஒலிம்பியா நகருக்குக் குடிபெயர்ந்தார்.

ஜப்பானியக் கிதார்களின் பின்னணி

1960களில் மேற்கு நாடுகளில் மின் கிதாருக்கு ஏற்பட்ட பெருந்தேவையை அமெரிக்கத் தொழிற்சாலைகளால் முழுமையாக நிறைவு செய்ய இயலவில்லை. இவ்விடைவெளியில் ஜப்பானிய நிறுவனங்கள் நுழைந்தன. நாகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோ நகரம் இத்தொழிலின் முதன்மை மையங்களுள் ஒன்றாகும். அங்கிருந்த மட்சுமோக்கு நிறுவனம் தொடக்கத்தில் தையல் இயந்திரங்களுக்கான மரப்பெட்டிகளைச் செய்துவந்தது. மரவேலையில் பெற்ற தேர்ச்சியைக் கொண்டு, அமெரிக்க இறக்குமதியாளர்கள் கேட்ட பெயர்களில் கிதார்களைச் செய்து அனுப்பியது. யூனிவாக்ஸ் என்பது அப்பெயர்களுள் ஒன்று. 1970களில் அமெரிக்காவின் பழம்பெரும் எபிஃபோன் பெயரிலும் இந்நிறுவனம் கிதார்கள் செய்தது. மட்சுமோக்கு 1987 இல் மூடப்பட்டது.

அதே நகரைச் சேர்ந்த ஃபூஜிஜென் நிறுவனம் 1982 இல் ஃபெண்டர் ஜப்பான் நிறுவனத்துக்காகக் கிதார் செய்யத் தொடங்கியது. 1985 இல் சி.பி.எஸ். நிறுவனத்திடமிருந்து ஃபெண்டரை அதன் நிர்வாகிகளே வாங்கியபோது, கலிபோர்னியாவிலிருந்த பழைய தொழிற்சாலை அவ்விற்பனையில் சேரவில்லை. ஆகவே சில காலம் ஃபெண்டர் கிதார்களுக்கு ஜப்பானே முக்கிய ஊற்றாக இருந்தது. அமெரிக்காவில் கைவிடப்பட்ட மஸ்டாங், ஜாகுவார் போன்ற வகைகளை மீண்டும் செய்து விற்றதும் ஃபெண்டர் ஜப்பானே.

அமெரிக்க இளைஞர்கள் இக்கிதார்களை முதலில் மட்டமான நகல்களாகவே கருதினர். அதனால் அவை அடகுக்கடைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. கையில் பணமில்லாத கோபேனுக்கு அவை எட்டும் தொலைவில் இருந்தன.

பிளீச் காலம்

1980களின் இறுதியில் கோபேன் பெரிதும் பயன்படுத்தியது யூனிவாக்ஸ் ஹை-ஃபிளையர் என்னும் கிதார் ஆகும். இது கலிபோர்னியாவின் மோஸ்ரைட் நிறுவனம் வெஞ்சர்ஸ் இசைக்குழுவின் பெயரில் வெளியிட்ட கிதாரைப் பார்த்துச் செய்யப்பட்டது. இடக்கைக் கிதார்கள் அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்தமையால், வலக்கைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டி வாசிப்பதே இவர் வழக்கம்.

அவ்வாறு திருப்புவதில் சில சிக்கல்கள் உண்டு. கழுத்தின் தலைப்பகுதியில் தந்திகள் அமரும் நட் என்னும் சிறு துண்டில் ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் ஏற்றவாறு வெட்டுகள் இருக்கும். மெல்லிய தந்திக்கான வெட்டில் தடித்த தந்தி அமராது. தடித்த தந்திக்கானதில் மெல்லிய தந்தி ஆடும். எனவே நட்டை அராவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். தோள்வார் மாட்டும் பொத்தானையும் இடம் மாற்ற வேண்டும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் மேற்பக்கம் வந்துவிடுவதால் வாசிப்பவரின் முன்கை அவற்றின்மீது படும். பிரிட்ஜ் எனப்படும் தந்தித்தாங்கியில் ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் புதிதாகச் சரிசெய்யாவிடில் சுருதி சேராது.

ஹை-ஃபிளையரின் வடிவம் இதில் இவருக்குத் துணை செய்தது. பெரும்பாலான கிதார்களில் மேற்கொம்பு நீண்டும் கீழ்க்கொம்பு குறுகியும் இருக்கும். மோஸ்ரைட் வடிவத்திலோ கீழ்க்கொம்பே நீளமானது. அதனைத் தலைகீழாகத் திருப்பினால் நீண்ட கொம்பு மேலே வந்து, இடக்கைக்காரருக்கெனவே செய்தது போன்று தோளில் சமநிலையாகத் தொங்கும். வலக்கைக்காரர்களுக்கு விந்தையாகத் தோன்றிய ஒரு வடிவம் இடக்கைக்காரர் ஒருவருக்குப் பொருந்தியது இவ்வாறே.

1988 டிசம்பரிலும் 1989 ஜனவரியிலும் சியாட்டிலில் ஜாக் எண்டினோவின் மேற்பார்வையில் நிர்வானாவின் முதல் இசைத்தொகுப்பான பிளீச் பதிவு செய்யப்பட்டது. அதற்கான செலவு 606 டாலர் 17 சென்ட். அத்தொகையைக் கொடுத்தவர் சிறிது காலம் குழுவில் இருந்த ஜேசன் எவர்மன். அவர் அதில் ஒரு பாடலிலும் வாசிக்கவில்லை. ஆயினும் உறையில் அவர் பெயர் இடம்பெற்றது.

1988 அக்டோபர் 30 அன்று ஒலிம்பியாவின் எவர்கிரீன் கல்லூரி விடுதியில் நடந்த நிகழ்ச்சியின் முடிவில் கோபேன் முதன்முறையாக மேடையில் ஒரு கிதாரை உடைத்தார். பின்னர் இது வழக்கமாயிற்று. அடுத்த ஊருக்குச் செல்வதற்குள் வேறொரு கிதார் தேட வேண்டியிருந்ததால், சுற்றுப்பயணத்தின்போது அடகுக்கடைகளை நாடுவதும் வழக்கமாயிற்று. உடைந்தவை எல்லாம் குப்பைக்குச் செல்லவில்லை. ஒன்றின் கழுத்தை மற்றொன்றின் உடலில் பொருத்தி மீண்டும் வாசித்தனர். இவர் உடைத்தவை பெரும்பாலும் மலிவான கிதார்களே என்பதும், விருப்பமானவற்றை உடையாமல் காத்துவந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கன. கிதாரின்மீது மதிப்பற்றவர் என்று இவரைக் கருதுவது சரியன்று.

நெவர்மைண்ட்

1991 மே, ஜூன் மாதங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகிலுள்ள சவுண்ட் சிட்டி ஒலிப்பதிவகத்தில் புட்ச் விக் தயாரிப்பில் நெவர்மைண்ட் பதிவு செய்யப்பட்டது. செப்டம்பர் 24 அன்று வெளியான இத்தொகுப்பு, 1992 ஜனவரியில் மைக்கல் ஜாக்சனின் டேஞ்சரஸ் தொகுப்பைப் பின்தள்ளி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

இக்காலத்தில் இவரிடம் அமெரிக்காவில் செய்யப்பட்ட இரண்டு நல்ல இடக்கைக் கிதார்கள் இருந்தன. ஒன்று, 1969 ஆம் ஆண்டின் நீலநிற ஃபெண்டர் மஸ்டாங். ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட் பாடலின் ஒளிப்படக் காட்சியில் காணப்படுவது இதுவே. மற்றொன்று, 1965 ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஜாகுவார். இதனை முன்பு வைத்திருந்தவரே அதன் பிக்கப்புகளையும் பிரிட்ஜையும் மாற்றியிருந்தார். கோபேன் அம்மாற்றங்களை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

மேடைக்கு இவர் மிகுதியாகக் கொண்டுவந்தது ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர். அவற்றுள்ளும் ஜப்பானியவற்றை இவர் விரும்பியதற்கு இரண்டு காரணங்களைக் கூறியுள்ளார்: அவை சற்று விலை குறைந்தவை, அவற்றின் கழுத்திலுள்ள மெட்டுக்கம்பிகள் அமெரிக்கக் கிதார்களில் உள்ளவற்றைவிடச் சிறியவை. உடைந்தாலும் வருந்த வேண்டாத கிதார் என்பது சொல்லப்படாத மூன்றாவது காரணமாக இருக்கலாம்.

கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே காலால் மிதித்து இயக்கும் ஒலிச்சிதைவுப் பெடலும் ஜப்பானிய நிறுவனமொன்றின் படைப்பே. ரோலண்ட் நிறுவனத்தின் பாஸ் பிரிவு 1978 இல் அறிமுகப்படுத்திய டி.எஸ்.-1 பெடலை இவர் முதலில் பயன்படுத்தினார். 1992 முதல் டி.எஸ்.-2 வகைக்கு மாறினார். பாடலின் தொடக்கத்தில் தெளிவாகவும் மெதுவாகவும் ஒலிக்கும் கிதார், பல்லவியில் திடீரென முழங்கத் தொடங்குவது இப்பெடலை மிதிக்கும் கணத்தில்தான்.

1991 இறுதியில் நிர்வானாவின் பிரித்தானியச் சுற்றுப்பயணத்தில் ஒசாகாவைச் சேர்ந்த பெண்கள் குழுவான ஷோனென் நைஃப் உடன் வாசித்தது. கோபேன் அக்குழுவின் தீவிர இரசிகர். 1992 பெப்ரவரியில் நிர்வானா ஜப்பானில் ஒசாகா, நகோயா, கவாசாக்கி, டோக்கியோ நகரங்களில் நிகழ்ச்சிகள் நடத்தியது. அங்கிருந்து ஹவாய் சென்ற கோபேன், பெப்ரவரி 24 அன்று பாடகி கோர்ட்னி லவ்வை மணந்தார். இவர்களின் மகள் பிரான்சிஸ் பீன் அவ்வாண்டு ஆகஸ்ட் 18 அன்று பிறந்தார்.

கிதார்களில் செய்த மாற்றங்கள்

மின் கிதாரில் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றுவது பிக்கப் ஆகும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றி இதனைச் செய்வர். ஸ்ட்ராடோகாஸ்டர், மஸ்டாங் ஆகியவற்றில் ஒற்றைச் சுருள் பிக்கப்புகளே இருக்கும். இவற்றின் ஒலி தெளிவானது. ஆனால் அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் இவை வாங்கிக்கொள்ளும். ஒலிச்சிதைவுப் பெடல் வழியே செல்லும்போது அவ்விரைச்சலும் சேர்ந்து பெருகும். ஹம்பக்கர் என்பது எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைக் கொண்டது. இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் வலுவாக வெளிவரும்.

இதனால் கோபேன் தம் கிதார்களில் பிரிட்ஜின் அருகிலுள்ள பிக்கப்பை அகற்றிவிட்டு ஹம்பக்கரைப் பொருத்தினார். அமெரிக்காவின் சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜே.பி. வகையை இவர் பெரிதும் நாடினார். ஹம்பக்கர் அகலமானதாகையால், அதற்கென மேற்தகட்டையும் அதன் கீழுள்ள மரத்தையும் வெட்டி அகலப்படுத்த வேண்டும். விலையுயர்ந்த பழைய கிதாரில் உளி வைக்கப் பலரும் தயங்குவர். புதிய ஜப்பானியக் கிதாரில் அத்தயக்கம் இல்லை.

1992 முதல் இப்பணிகளைச் செய்தவர் சியாட்டிலைச் சேர்ந்த கிதார் தொழினுட்பர் எர்னி பெய்லி. 1993 இல் இன் யூட்டரோ தொகுப்புக்கான சுற்றுப்பயணத்துக்கு ஆயத்தமானபோது கோபேன் மஸ்டாங் கிதார்களையே கேட்டார். மஸ்டாங் 1964 இல் மாணவர்களுக்கென அறிமுகமான சிறிய கிதார்; அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1982 இல் நின்றுபோயிருந்தது. ஆகவே புதிய இடக்கை மஸ்டாங் வேண்டுமெனில் ஜப்பானியதே கிடைக்கும்.

மஸ்டாங் சுருதி நிற்காத கருவி என்பதைக் கோபேன் நன்கறிவார். தந்தியின் உயரத்தை மாற்ற எல்லாத் தந்திகளையும் தளர்த்திப் பிரிட்ஜையே கழற்ற வேண்டியிருப்பதையும் அறிவார். இருந்தும் எல்லாக் கிதார்களிலும் அதுவே இவருக்கு மிகவும் பிடித்தமானது. குறையின் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. மஸ்டாங்கின் பிரிட்ஜ், தந்தியை அசைக்கும் டிரெமலோ கைப்பிடியோடு சேர்ந்து முன்னும் பின்னும் சாயுமாறு இரண்டு தூண்கள்மீது நிற்கிறது. மென்மையாக வாசிப்பவருக்கு இது தொல்லையில்லை. கோபேன் போன்று ஓங்கி அடிப்பவரின் கையில் அது இடம் மாறிச் சுருதி கலைந்துவிடும். போதாதற்கு, மஸ்டாங்கின் தந்தி நீளம் 24 அங்குலமே, ஸ்ட்ராடோகாஸ்டரில் 25.5 அங்குலம். குறுகிய தந்தியை அரைச்சுரம் தாழ்த்திக் கட்டும்போது அது மேலும் தளர்ந்துவிடும்.

பெய்லி இதற்குச் செய்த தீர்வு எளிமையானது. ஆடும் பிரிட்ஜை அகற்றி, ஜப்பானின் கோட்டோ நிறுவனம் செய்த அசையாத டியூன்-ஓ-மேட்டிக் வகைப் பிரிட்ஜைப் பொருத்தினார். டிரெமலோவை அசையாமல் கட்டிவிட்டார். தந்திகளைப் பின்தாங்கியின் மேலாக அல்லாமல் அடியில் செலுத்தி, அவை பிரிட்ஜின்மீது செங்குத்தான கோணத்தில் அழுந்துமாறு செய்தார். பிரிட்ஜ் அருகே ஜே.பி. ஹம்பக்கர் இடம்பெற்றது. மாணவர் கிதார் ஒன்று பெரும் அரங்குகளில் மாதக்கணக்கில் அடிபட்டும் தாங்கியது இவற்றால்தான். இவ்வாறு திருத்திய வெளிர்நீல மஸ்டாங் ஒன்று ஸ்கைஸ்டாங் எனப் பெயர் பெற்றது. அச்சுற்றுப்பயணத்தில் கோபேன் மிகுதியாக வாசித்த கிதார் இதுவாகும்.

ஜாக்-ஸ்டாங்

1993 இல் ஃபெண்டர் நிறுவனத்துடன் இணைந்து கோபேன் தமக்கென ஒரு கிதாரை வடிவமைத்தார். மஸ்டாங், ஜாகுவார் ஆகியவற்றின் நிழற்படங்களைப் பாதியாக வெட்டி, ஒன்றின் பாதியை மற்றொன்றின் பாதியோடு ஒட்டி, அதனையே வரைபடமாகக் கொடுத்தார். ஃபெண்டரின் லாரி புரூக்ஸ் அதிலிருந்து மாதிரிக் கிதாரைச் செய்தார். மஸ்டாங்கின் 24 அங்குல நீளமும், கழுத்தருகே ஒற்றைச் சுருள் பிக்கப்பும், பிரிட்ஜ் அருகே ஹம்பக்கரும் கொண்டது இது. இதனைக் கோபேன் சில நிகழ்ச்சிகளில் மட்டுமே வாசித்தார்.

இவர் இறந்தபின் கோர்ட்னி லவ் ஒரு ஜாக்-ஸ்டாங்கை ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக்குக்கு அளித்தார். வலக்கைக்காரரான பக், அந்த இடக்கைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி வாசித்தார். ஃபெண்டர் ஜப்பான் 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஜாக்-ஸ்டாங்கை விற்பனைக்குச் செய்தது. அதை வாங்கிய பலர் முதலில் செய்தது அதன் ஹம்பக்கரைக் கழற்றிவிட்டு ஜே.பி.யைப் பொருத்துவதே. கோபேன் பெயரில் வந்த கிதாரும் திருத்தத்துக்குத் தப்பவில்லை.

மறைவு

புகழ் கோபேனுக்கு அமைதியைத் தரவில்லை. நீண்டகால வயிற்றுவலி, மனச்சோர்வு, ஹெராயின் பழக்கம் ஆகியவற்றோடு போராடி வந்தார். 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்.டி.வி. அன்பிளக்ட் நிகழ்ச்சிக்காக 1959 ஆம் ஆண்டின் மார்ட்டின் டி-18ஈ கிதாரை வாசித்தார். 1994 மார்ச் 1 அன்று மியூனிக்கில் நடந்ததே நிர்வானாவின் இறுதி நிகழ்ச்சி. அதில் ஸ்கைஸ்டாங் ஒலித்தது. 1994 ஏப்ரல் 5 அன்று சியாட்டிலில் தம் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். மூன்று நாட்களுக்குப் பின்னரே உடல் கண்டெடுக்கப்பட்டது. அப்போது இவருக்கு வயது 27; மகளுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

கிதார்களின் பிற்கால வரலாறு

அன்பிளக்ட் நிகழ்ச்சியின் மார்ட்டின் கிதார் 2020 இல் 60 இலட்சம் டாலருக்கும், நீல மஸ்டாங் 2022 இல் 45 இலட்சம் டாலருக்கும் ஏலம் போயின. ஸ்கைஸ்டாங் சில காலம் சியாட்டில் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 2023 நவம்பரில் 15 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட விலைக்கு அதனை வாங்கியவர் ஜப்பானைச் சேர்ந்தவர். அதே ஆண்டு மே மாதம், கோபேன் உடைத்து, பின்னர் ஒட்டவைக்கப்பட்ட, வாசிக்க இயலாத ஸ்ட்ராடோகாஸ்டர் ஒன்று ஏறத்தாழ 6 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. நண்பர் மார்க் லானெகனுக்கு இவர் கையெழுத்திட்டுக் கொடுத்த கிதார் அது. பிளீச் தொகுப்பின் செலவைப் போல் ஆயிரம் மடங்குக்குச் சற்றே குறைந்த தொகை இது.

2012 இல் ஃபெண்டர் வெளியிட்ட கர்ட் கோபேன் மஸ்டாங் ஜப்பானில் செய்யப்பட்டது. ஜே.பி. ஹம்பக்கரும் அசையாத பிரிட்ஜும் அதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. யூனிவாக்ஸ் ஹை-ஃபிளையரின் விலையும் கோபேனின் புகழுக்குப்பின் பன்மடங்கு உயர்ந்தது. மோஸ்ரைட்டின் நகலாகப் பிறந்த அக்கிதாருக்கு ஈஸ்ட்வுட் நிறுவனம் பின்னாளில் நகல் செய்து விற்றது.